விமான நிலைய வாயிலும் நிலவாடகையும்: லொஸ் ஏஞ்சல்ஸ் நிலையத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

1

பெரிய விமான நிலையமொன்றில் வந்திறங்கும் பயணிகளுள் ஒரு சாரார் இணைப்புப் பாலத்தின் வழியே நேரே கட்டடத்தினுள் நடந்து செல்கின்றனர். மற்றொரு சாரார் படிக்கட்டால் தரையிறங்கி, நெரிசல் மிகுந்த பஸ்ஸில் நின்றவாறே நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படுகின்றனர். முன்னவரது விமானம் முனையத்தை ஒட்டிய வாயிலில் நிற்கிறது. பின்னவரது விமானம் முனையத்துக்கு அப்பாலுள்ள தொலைத் தரிப்பிடத்தில் நிற்கிறது. இவ்வேறுபாட்டிற்கு ‘இடப் பற்றாக்குறை’ என்னும் தொடரையே நிர்வாகங்கள் விளக்கமாக முன்வைப்பது வழக்கம். இட நெருக்கடி மெய்யானதே. ஆயின், எந்த இடம், எந்த நேரத்தில், யாருடைய உரிமையில் என்னும் வினாக்களை எழுப்புமிடத்து, அப்பற்றாக்குறை வெறும் பௌதிக நிலைமையன்று, சமூக உறவொன்றின் வெளிப்பாடுமாகும் என்பது புலனாகும். ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் சர்வதேச விமான நிலையம் இதனை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

2

முதலிற் பௌதிக அடிப்படையை நோக்குவோம். இந்நிலையத்தின் மைய முனையத் தொகுதி 1961ஆம் ஆண்டளவில் அக்கால ஜெட் விமானங்களைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747 விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 60 மீற்றர். 2007இல் சேவைக்கு வந்த எயார்பஸ் ஏ380 விமானத்தினது ஏறத்தாழ 80 மீற்றர். ஒரு சுவரை ஒட்டி எத்தனை விமானங்கள் நிற்கலாம் என்பதை இறக்கையின் அகலமே தீர்மானிக்கிறது. விமானம் பெருக்கக் கட்டடம் பெருகுவதில்லை.

இரண்டாவது காரணி நேரம். பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் பல இரவு பிந்திய வேளையிலேயே லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து புறப்படுகின்றன. சேருமிடத்தில் அவை அதிகாலையில் இறங்கவேண்டியிருப்பதே இதற்குக் காரணம். சான்றாக, சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை நிலவுகிறது. இதனால் சில மணிநேரங்களிற் பல பெருவிமானங்கள் ஒருங்கே வாயில்களை வேண்டி நிற்கின்றன. ஏனைய பொழுதில் அதே வாயில்கள் ஓய்ந்து கிடக்கின்றன. நீண்டநேரம் காத்திருக்கவேண்டிய விமானம் இழுவை வண்டியால் தொலைத் தரிப்பிடத்துக்கு அகற்றப்படுகிறது. நெரிசல் வேளையில் வருவது சிலபோது அங்கேயே பயணிகளை இறக்குகிறது.

1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை ஒட்டித் திறக்கப்பட்டதும், அந்நகரின் முதற் கறுப்பின மேயரான ரொம் பிராட்லியின் பெயரைத் தாங்கியதுமான சர்வதேச முனையம் இந்நெருக்கடியின் மையமாயிற்று. 2021 மே மாதத்தில், ஏறத்தாழ 170 கோடி டொலர் செலவில், 15 வாயில்களைக் கொண்ட புதிய கட்டடமொன்று அம்முனையத்துக்கு மேற்கே திறக்கப்பட்டு நிலக்கீழ் வழியால் இணைக்கப்பட்டது. பஸ் மூலம் பயணிகளை ஏற்றியிறக்கும் தேவையைக் குறைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

3

இனி உடைமை பற்றிய வினாவுக்கு வருவோம். அமெரிக்க விமான நிலையங்களில் வாயில்கள் பொதுவாக மூவகையாகப் பகிரப்படுகின்றன: ஒரு கம்பனிக்கே உரியன, ஒரு கம்பனிக்கு முன்னுரிமை உடையன, எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானவை. 1978ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டு விமானப் பாதைகளை அரசக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. வானம் ‘சுதந்திரம்’ பெற்றது. ஆனால் தரையிலுள்ள வாயில்கள் நீண்டகாலக் குத்தகைகளால் பழைய கம்பனிகளின் கையிலேயே பெரும்பாலும் இருந்தன. பறக்கும் உரிமை பெற்ற புதிய கம்பனிக்கு நிற்கும் உரிமை கிட்டாமற் போகலாம். ஓரிரு கம்பனிகளே ஆதிக்கம் செலுத்தும் நிலையங்கள், வாயில்களைப் பகிரும் முறையையும் விளக்கிப் போட்டித் திட்டம் சமர்ப்பிக்க வேண்டுமென 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்ற நேர்ந்தமை இதற்குச் சான்றாகும்.

நிலவாடகை பற்றிய மார்க்சிய ஆய்வு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. முனையத்தை ஒட்டிய நிலம் விரும்பியவாறு உற்பத்திசெய்ய முடியாதது. அதனைப் பிடித்துவைத்திருப்பவர், பிறரை விலக்கிவைக்கும் ஆற்றலாலேயே ஆதாயம் பெறுகிறார். பழந்தமிழ்ப் புறத்திணையில் ‘வாயில்நிலை’ ஒரு துறையாக அமைந்தது தற்செயலன்று. வாயில் வெறும் திறப்பன்று. யார் உட்செல்லலாம், யார் காத்து நிற்கவேண்டும் என்பதை வரையறுக்கும் அதிகார உறவு.

தொலைத் தரிப்பிடத்தின் செலவை ஏற்போர் யாவர்? பயணி தன் நேரத்தால் அதனைச் செலுத்துகிறார். முதியோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் படிக்கட்டே பெருந்தடையாகிறது. பஸ் சாரதிகள், பொதி ஏற்றுவோர், சக்கரநாற்காலி தள்ளுவோர் ஆகியோரின் உழைப்பு மிகுதியாக வேண்டப்படுகிறது; இவ்வேலைகளிற் பல ஒப்பந்தக் கம்பனிகளிடம் விடப்பட்டுள்ளன. 1997இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை வாழ்க்கைக் கூலிச் சட்டம் இயற்றியமைக்கும், பின்னர் அது விமான நிலையத் தொழிலாளரிடையே விரிவடைந்தமைக்கும் தொழிற்சங்கங்களும் மக்கள் அமைப்புகளும் நடத்திய இயக்கமே உந்துசக்தியாயிற்று.

4

வாயிலின் எண்ணிக்கையே அரசியற் போராட்டத்தின் பொருளாகியமை இந்நிலைய வரலாற்றில் அவதானிக்கத்தக்க மற்றொரு செய்தி. 1990ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், உள்ளூர் மக்கள் இரைச்சலைக் காரணங்காட்டிப் பறப்புகளை மட்டுப்படுத்துவதைப் பெரிதும் கடினமாக்கியது. எனவே எல் செகுண்டோ, இங்கிள்வூட் முதலிய அயல் நகரங்களும் குடியிருப்பாளர் அமைப்பும் வேறொரு வழியை நாடின. 2006இல் எய்தப்பட்ட வழக்கிணக்கப்படி, 163 வாயில்களைப் படிப்படியாக 153 ஆகக் குறைப்பதற்கு நிர்வாகம் நிபந்தனையுடன் உடன்பட்டது. பறப்பைத் தடுக்க இயலாதோர் வாயிலை எண்ணத் தலைப்பட்டனர். ஆண்டுப் பயணிகள் தொகை ஏறத்தாழ 7 கோடி 90 இலட்சத்தளவில் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் 2016இல் அது 8 கோடியைத் தாண்டியது. 2019இல் 8 கோடி 80 இலட்சத்தை எட்டியது. கூடிய ஆசனங்களை நிரப்பியும் வாயில்களைச் செறிவாகப் பயன்படுத்தியும் மூலதனம் தன் வழியைக் கண்டுகொண்டது. கொள்ளளவு வாயிலின் தொகையில் மட்டுமன்றி அதன் பயன்பாட்டுக் காலத்திலும் தங்கியுள்ளது என்பதே இதன் பாடம்.

5

தொலைவில் நிறுத்துதல் தன்னளவில் இழிவானதன்று. 1962இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் டலஸ் நிலையத்தில், கட்டடக் கலைஞர் ஈரோ சாரினன் தொலைத் தரிப்பையே வசதியாகக் கருதினார். பயணிகள் நெடிது நடப்பதைத் தவிர்க்க நகரும் கூடங்களை வடிவமைத்தார். 2017இல் லொஸ் ஏஞ்சல்ஸில் செல்வந்தர்க்கெனத் தனி முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து அவர்கள் சொகுசுக் காரில் விமானத்தடிக்கே கொண்டுசெல்லப்படலாயினர். அதே தரை, அதே பயணம். ஒருவர்க்கு அலைச்சல், மற்றொருவர்க்குச் சலுகை. தூரமன்று, வர்க்கமே அனுபவத்தை வேறுபடுத்துகிறது.

எந்தச் சமுதாயத்திலும் நெரிசல் வேளை இருக்கும்; எல்லா விமானத்துக்கும் வாயில் கிடையாது என்பதை மறுப்பதற்கில்லை. இந்நிலையம் நகரசபையின் உடைமை என்பதும் நினைவுகூரத்தக்கது: பொதுவுடைமை என்னும் சட்ட வடிவம் மாத்திரம் பயன்பாட்டின் தன்மையை மாற்றிவிடுவதில்லை. குத்தகைக்காரரின் உரிமைக்குப் பதிலாகப் பயணிகளின் தேவையை—முதியோரை, குழந்தைகளுடன் வருவோரை, நடக்க இயலாதோரை—முதன்மைப்படுத்தி வாயில்கள் பகிரப்படும்போதே அவை மெய்யாகப் பொது வாயில்களாகும். அத்தகைய பகிர்வுக்குப் புதிய கட்டடத்தை விட, வாயில்களின் மீதான உரிமை பற்றிய தெளிவே முதலில் வேண்டப்படுகிறது.