தாழ்த்திய வண்டி ஏன் குலுக்குகிறது?

சுமை ஏற்றுவதற்கென்றே உயரமாகச் செய்யப்பட்ட பிக்அப் வண்டியை விலை கொடுத்து வாங்குவதும், பின்னர் மேலும் பொருள் செலவிட்டு அதனை நிலத்தைத் தொடுமளவுக்குத் தாழ்த்துவதும் அமெரிக்க நாட்டு இளைஞர் பலரது பொழுதுபோக்காகும். தாழ்ந்து செல்லும் வண்டி கண்ணுக்கு அழகாயிருப்பது உண்மையே. ஆனால் அவ்வண்டியில் ஏறிச் சிறிது தூரம் சென்றவர், “இதனிலும் வில் இல்லாத மாட்டுவண்டி மேலானது” என்று இடுப்பைப் பிடித்துக் கொண்டு இறங்குவதும் உண்டு. இக்குலுக்கம் எதனால் விளைகிறது? இதற்கு மாற்று உண்டா? பௌதிகம் பயிலும் மாணவர்க்கும், வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினர்க்கும் பயன்படக்கூடிய வினாக்கள் இவை.

மோகம் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிக்க வம்சாவளி இளைஞர்களிடையே இவ்வழக்கம் வேரூன்றியது. மணல் மூட்டைகளை வண்டியின் பின்புறத்தில் ஏற்றித் தாழ்த்தியவர்களும் உளர். வில்லின் சுற்றுக்களை வெட்டித் தாழ்த்தியவர்களும் உளர். சில்லின் உலோக விளிம்பினது அடிப்பாகத்திலும் கீழே வண்டியின் எப்பகுதியும் தொங்கலாகாது என்று 1950களின் பிற்பகுதியில் அம்மாநிலம் சட்டம் வகுத்தது. அதற்கு விடையாக 1959ஆம் ஆண்டில் ரொன் அகிர்ரே என்பவர், வேண்டியபோது உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய திரவ அழுத்தப் பொறியைத் தமது வண்டியிற் பொருத்தினார். அச்சட்டத் தடை 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் நீங்கியது. 1970களில் ஜப்பானியச் சிறு பிக்அப் வண்டிகள் அங்கே பெருகியதும், இம்மோகம் அவற்றையும் பற்றிக் கொண்டது.

குலுக்கத்தின் மூலம்

கிரிக்கெட் ஆடும் சிறுவனைக் கவனியுங்கள். விரைந்து வரும் பந்தைப் பிடிக்கையில் அவன் கைகளைப் பின்னோக்கி இழுத்துக் கொள்கிறான். பந்து நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் கூடக்கூடக் கையில் உறைக்கும் விசை குறைகிறது. தூரம் பாதியானால் சராசரி விசை இருமடங்காகும். வண்டியின் வில்லும் இவ்வேலையையே செய்கிறது. மேட்டில் ஏறிய சில்லு மேலெழுகையில், அந்த எழுச்சியைத் தூரத்திலே பரப்பி, இருப்பவரின் உடம்புக்கு எட்டாமற் செய்வதே அதன் தொழில்.

சில்லு மேலெழுந்து வண்டியின் சட்டகத்தில் மோதாதபடி தடுப்பதற்கு ஓர் இறப்பர்க் கட்டை வைக்கப்பட்டிருக்கும். அக்கட்டைக்கும் அச்சுக்கும் இடையே நான்கு அங்குல வெளி இருந்தது எனக் கொள்வோம். வண்டியை மூன்று அங்குலம் தாழ்த்தினால், மிஞ்சுவது ஓர் அங்குலமே. பின்னர் எதிர்ப்படும் ஒவ்வொரு பள்ளத்திலும் வில் தன் தொழிலைச் செய்து முடிக்குமுன்னரே அச்சு கட்டையில் முட்டுகிறது. நாம் உணரும் இடி பெரும்பாலும் இந்த முட்டலின் இடியே.

இதனை அறியாதார், வில் கடினமாயிருக்கிறது என எண்ணி, அதனிலும் மெல்லிய வில்லை வாங்கி மாட்டுகின்றனர். மெல்லிய வில் எளிதில் அமிழும். அமிழவே கட்டையில் முட்டுவதும் அதிகரிக்கும். நோய் ஒன்றிருக்க மருந்து வேறாகிறது. மென்மை வேண்டுமாயின் அசைவதற்கு இடமும் வேண்டும் என்பதே இங்கு அறிய வேண்டிய உண்மை.

வில்லை வெட்டினால் என்னாகும்?

ஓர் இறப்பர்ப் பட்டியிலே சிறு பாரம் ஒன்றைத் தொங்கவிட்டு, அது நீளும் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் பட்டியைப் பாதியாக வெட்டி, அதே பாரத்தைத் தொங்கவிடுங்கள். நீட்சியும் ஏறக்குறையப் பாதியாகக் காண்பீர்கள். குறுகிய பட்டி விறைப்பு மிக்கது. சுருள்வில்லும் அவ்வாறே. எட்டுச் சுற்றுக்கள் தொழிற்படும் வில்லில் இரண்டை வெட்டியெறிந்தால், எஞ்சிய ஆறு சுற்றுக்கள் முன்னையிலும் மூன்றிலொரு பங்கு அதிக விறைப்பு உடையனவாகும்.

விறைப்பு மிகுந்தால் வண்டியின் அலைவு விரைவுபடும். வண்டியின் பாரத்தால் 25 சென்ரிமீற்றர் அமிழும் வில் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை அலையும். அமிழ்வு அதன் காற்பங்காகக் குறைந்தால் அலைவு வினாடிக்கு இரண்டாகும். பயணிகள் காரில் இம்மீடிறன் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே அமைவது நலம் என்பது பொறியியலார் வழக்கு. பிக்அப்பின் பின்வில்லோ பாரம் சுமப்பதற்கென அமைக்கப்பட்டது. வெறும் வண்டியில் அது இயல்பாகவே விறைத்து நிற்கும். அதனைத் தாழ்த்தும்போது குறை இரட்டிப்பாகிறது.

பரிகாரம் யாது?

முதலிற் செய்ய வேண்டியது நோயறிதல். இறப்பர்க் கட்டையின் நுனியிற் சிறிது களிமண்ணை ஒட்டி, வழக்கமான வீதியில் மெதுவாகச் சென்று திரும்புங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அச்சு முட்டுகிறது என்பது உறுதி. நசுங்காமலிருந்தால் குற்றத்தை வில்லிலும், ஷொக் அப்சோபரிலும், டயரிலும் தேட வேண்டும். டயரின் காற்றழுத்தத்தை, சாரதியின் கதவருகே ஒட்டப்பட்ட தகட்டின்படி பார்த்துக் கொள்க. மென்மைக்காகக் காற்றை மிகக் குறைத்தல் ஆபத்து; டயர் சூடேறி வெடிக்கலாம். அழகுக்காகப் பக்கம் குறுகிய டயரை மாட்டியிருந்தால், அதனாலும் அதிர்வு மிகும்.

முட்டுவதே காரணமாயின், இழந்த இடத்தை மீட்க வேண்டும். 1973ஆம் ஆண்டு முதல் 1980களின் நடுப்பகுதிவரை வெளிவந்த ஷெவர்லே சீ-10 என்னும் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் முன்புறத்திற் சுருள்வில். பின்புறத்திற் பட்டைகளை அடுக்கிய வில். முன்புறத்தில் வெட்டிய வில்லை அகற்றி, முழு வில்லை மீண்டும் பொருத்தி, சில்லைத் தாங்கும் ஸ்பிண்டிலை மாற்றுவதே தக்க வழி. தாழ்த்துவதற்கென்று செய்யப்பட்ட ஸ்பிண்டிலில் சில்லின் மையம் இரண்டு அங்குலமளவில் மேலே அமைந்திருக்கும். வண்டி தாழும்; வில்லும் கைகளும் பழைய நிலையிலேயே நிற்பதனால் அவற்றின் அசைவு குறையாது.

பின்புறத்திலே பட்டைவில்லின் கீழே கிடக்கும் அச்சை அதன் மேலே அமைப்பது வழக்கம். அச்சு சட்டகத்தை நெருங்கி விடுவதனால், அவ்விடத்திற் சட்டகத்தைப் பிறைபோல் வெட்டி, கனத்த உருக்குத் தகட்டினால் வலுவூட்டுவர். இதனாற் சில அங்குல அசைவு மீளக் கிடைக்கும். வண்டியின் முதுகெலும்பையே வெட்டும் வேலையாதலின், கைதேர்ந்த தொழிலாளியிடமன்றிப் பிறரிடம் ஒப்படைத்தலாகாது.

ஷொக் அப்சோபரையும் மறத்தல் கூடாது. பழைய உயரத்துக்கென்று செய்யப்பட்டது, தாழ்ந்த வண்டியில் உள்ளே முற்றும் ஒடுங்கி அடியில் இடிக்கும். புதிய உயரத்துக்கேற்ற குறுகியதைப் பொருத்துதல் வேண்டும். இறப்பர்க் கட்டையைக் கழற்றி எறிந்துவிடுவாரும் உளர், அது பெருந்தவறு. குட்டையானதாயும், படிப்படியாக இறுகுவதாயும் உள்ள கட்டையைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அழகும் ஆபத்தும்

இது இடுப்பு வலியோடு நிற்கும் விடயமன்று. வளைவிலே திரும்பும்போது அச்சு முட்டினால், அந்தச் சில்லு திடீரெனப் பிடிப்பை இழக்கக் கூடும். மழைநாளில், பிள்ளைகள் உடனிருக்கையில் இது நிகழ்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டைவில்லிலிருந்து ஒரு பட்டையை நீக்கினால் வண்டி மெதுவாக ஓடும் என்பதும் மெய்யே; ஆனால் அவ்வண்டி முன்போற் பாரம் சுமக்காது. உழைப்புக்கு வண்டியை நம்பியிருக்கும் குடும்பம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பாரமும் ஏற்ற வேண்டுமாயின், காற்றடைத்த பைகளைத் துணைவில்லாகப் பொருத்தி, சுமைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதனாலும் வண்டிக்கு விதித்த சுமையெல்லை கூடிவிடுவதில்லை.

வேலை முடிந்ததும் சில்லுகளின் நேர்மை, முன்விளக்கின் நோக்கு, பிரேக்குக் குழாயின் நீளம், பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் கோணம் ஆகியவற்றைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. அழுத்திய சுருள்வில்லில் ஆளைக் கொல்லத்தக்க சக்தி அடங்கியுள்ளது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுதலும் உயிருக்கு உலை வைப்பதேயாம். எனவே பரிசோதனையை வீட்டில் நிகழ்த்துங்கள். பழுதுபார்ப்பைப் பயிற்சியுடையாரிடம் விடுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னரும் எவ்வளவு தாழ்த்தலாம் என்று கேட்பார்க்கு விடை எளிது. வண்டி எந்த அளவுக்குத் தாழ்ந்தாலும் அச்சு தாராளமாக ஏறி இறங்க வெளி எஞ்சுமோ, அந்த அளவே எல்லை. வண்டியை நிறுத்தி வைத்து அழகு பார்த்து இவ்வெல்லையை அறிய முடியாது. வழக்கமான சுமையோடும் ஆட்களோடும் ஓட்டிப் பார்த்த பின்னரே அளந்தறிதல் வேண்டும்.