தாதியரும் பட்டப்படிப்பும்

இரவெல்லாம் விழித்திருந்து நாடி பார்த்து, மருந்தளந்து கொடுத்து, நோயாளியைத் தேற்றும் தாதிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு? இவ்வினாவைக் கற்றோரும் கேட்கின்றனர். பல்லாண்டு பணிபுரிந்த தாதியருட் சிலரும் தம்முள்ளே கேட்டுக்கொள்கின்றனர். இதற்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் பெரிதும் உதவும். பதிவு பெற்ற தாதியர் பணியிலிருந்தவாறே குறுகிய காலத்தில் இளமாணிப் பட்டம் பெறும் முறை அங்கே நன்கு வேரூன்றியுள்ளது.

அந்நாட்டிலே தாதியாவதற்கு மூன்று வழிகள் அமைந்தன. முதலாவது, வைத்தியசாலைகளே நடத்திய டிப்ளோமாக் கல்வி. இரண்டாவது, பல்கலைக்கழகக் கல்வி; 1909ஆம் ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் தாதியர் கல்வியைத் தன்னகத்தே ஏற்றமை இதற்குக் கால்கோளாயிற்று. மூன்றாவது, இரண்டாம் உலகப் போரின் பின்னர் மில்ட்ரெட் மொன்டாக் என்னும் அம்மையாரின் திட்டப்படி 1952இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு. வழி மூன்றாயினும் பதிவுக்குரிய பரீட்சை ஒன்றே. மூவகையினரும் ஒரே விடுதியில் ஒரே பணியைச் செய்தனர். அங்ஙனமாயிற் பட்டத்தால் விளையும் வேறுபாடு யாது என்ற வாதம் எழுந்தது. 1965இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், இளமாணிப் பட்டமே இத்தொழிலுக்கு அடிப்படைக் கல்வியாதல் வேண்டுமென அறிவித்தும் வாதம் ஓயவில்லை.

2003இல் லிண்டா எய்க்கின் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்திற்குப் புதிய வலுவைத் தந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளிற் சத்திரசிகிச்சை பெற்றோரை அவர்கள் ஆராய்ந்தனர். பட்டதாரித் தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்து மிகுந்திருந்த இடத்து, நோயாளர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தளவு குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதே இம்முடிவின் பொருள். ஒன்றே மற்றதற்குக் காரணம் என்று இதனை மட்டுங்கொண்டு துணிதல் ஆகாது. ஆயினும், உயிர் பற்றிய கணக்கு என்பதால் எவரும் இதைப் புறக்கணிக்க முடியவில்லை. 2017இல் நியூயோர்க் மாநிலம், இனிப் புதிதாகத் தொழிலிற் சேரும் தாதியர் பதிவு பெற்றுப் பத்தாண்டுக்குள் இளமாணிப் பட்டம் பெறவேண்டுமெனச் சட்டம் இயற்றியது.

குறுகிய வழி எவ்வாறு இயங்குகின்றது என்பதை இனி நோக்குவோம். பட்டத்திற்கு வேண்டியவை பொதுவாக 120 பாட அலகுகள். உடற்கூற்றியல், மருந்தியல், நோயாளர் பராமரிப்பு என முன்னரே கற்றவையெல்லாம் கணக்கில் வைக்கப்படுகின்றன. பொதுப் பாடங்களையும் முடித்திருப்பவருக்கு எஞ்சுவது ஏறத்தாழ முப்பது அலகுகளே. அவற்றை ஐந்து முதல் எட்டு வாரங்கொண்ட சிறு தவணைகளில், பெரும்பாலும் இணையவழியாக, ஒவ்வொன்றாகக் கற்று, ஓராண்டளவில் முடித்துவிடலாம்.

எஞ்சிய அப்பாடங்கள் யாவை? புள்ளிவிபரவியல், ஆராய்ச்சி முறை, சமுதாய சுகாதாரம், தலைமைத்துவம், தொழில் ஒழுக்கம் முதலியன. ஓர் உதாரணம் கூறுவோம். புண்ணைக் கழுவிக் கட்டத் தாதி முன்னரே அறிவார். இம்மாதம் தம் விடுதியிற் புண்கள் சீழ்ப்பிடிப்பது ஏன் மிகுந்தது என்று கணக்கெடுத்து, காரணத்தைத் தேடி, பழைய வழக்கத்தை மாற்றுமாறு வைத்தியரிடமும் நிருவாகத்திடமும் சான்றுடன் எடுத்துரைப்பது வேறொரு திறமை. நீரிழிவு நோயாளி மூன்றாம் முறையும் திரும்பி வரும்போது, அவர் வீட்டில் உண்பது யாது, மருந்து வாங்க வசதியுண்டா என வினவத் தோன்றுவதும் அத்தகையதே. கைத்திறனுக்குக் கண் கொடுப்பது இக்கல்வி.

இங்கேதான் ஓர் இடர் உள்ளது. அந்நாட்டு வைத்தியசாலைகளிற் பன்னிரண்டு மணி நேரக் கடமை சாதாரணமானது. இரவுக் கடமை முடித்து, வீட்டுப் பொறுப்பும் சுமந்து, களைத்த கண்ணுடன் கட்டுரை எழுத அமரும் ஒருவர், அறிவதற்காகவன்றி அனுப்பி முடிப்பதற்காகவே எழுத நேரலாம். முன்னர் கற்றதை மதிப்பதாற் காலம் குறையுமாயின் அது நீதி. இனிக் கற்பதைக் குறைப்பதாற் குறையுமாயின் அது ஏமாற்று. ஆதலின் சேர விரும்புவோர், கட்டணத்தையும் கால அளவையும் கேட்குமுன், படிப்பு முறையான அங்கீகாரம் பெற்றதா, சமுதாய சுகாதாரத்தில் நேரடிப் பயிற்சி உண்டா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

நமது நாட்டிலும் இவ்வழி புதியதன்று. மூன்றாண்டுத் தாதியர் பயிற்சி பெற்றுப் பணிபுரிவோருக்கெனத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், 1994இல் தொலைக்கல்விப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வெளிவாரியாகப் பட்டம் பெற முயன்ற ஆசிரியர் பலரைப் பாடசாலைகளில் யான் கண்டிருக்கின்றேன். நேரசூசியில் ஓய்வு கிடைத்தவர் நூலைப் படித்தனர். கிடையாதவர் பிறர் குறிப்பைப் பிரதி செய்தனர். இருவரும் பட்டம் பெற்றனர். வகுப்பறையிலோ வேறுபாடு தெரிந்தது. வைத்தியசாலையில் அவ்வேறுபாட்டைச் சுமப்பவர் நோயாளியே. எனவே, படிக்கும் தாதியருக்குக் கடமை அட்டவணையில் இடம் ஒதுக்குவதைச் சலுகையெனக் கருதாது, நோயாளருக்குச் செய்யும் சேவையெனவே நிருவாகிகள் கருதுவாராக. இல்லத்தாரும் அடுப்படிப் பொறுப்பிற் பாதியை ஏற்றுக்கொள்வாராக.