விரல் மடங்காத காலைகள்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை. பால் பாக்கெட்டை வெட்டலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தால் விரல் வளையத்துக்குள் நுழையவே இல்லை! கணுவெல்லாம் வீங்கிக் கிடந்தது. எட்டு மணிக்கு மேல் தானாகத் தளர்ந்தது. மறுநாளும் அதே கதை. குக்கர் மூடியைத் திறக்கப் பெண்ணைக் கூப்பிட வேண்டியதாயிற்று. "வாயும்மா, பூண்டு சாப்பிடு" என்றார் மாமியார். கடையில் வாங்கிய வலி மாத்திரை, ராத்திரி தைலம் என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வந்திருந்தது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி வீங்க வைக்கிறதாம். கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரித்துவிடும். என் வலது நடுவிரல் கோணினது கோணினதுதான்.

சகோதரிகளே, தேய்மான வலி வேலை செய்யச் செய்யத்தான் அதிகமாகும். இது தூங்கி எழுந்ததும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமானாலும் விடாது. பெரும்பாலும் இரண்டு கையிலும் சேர்ந்தே வரும். ஆண்களைவிட நமக்குத்தான் 2, 3 மடங்கு அதிகம். சில வாரமாக இப்படி இருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் போய்விடுங்கள்.

எனக்குக் கொடுத்தது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. வாரத்தில் ஒரே நாள்தான் சாப்பிடவேண்டும். மறதியாகத் தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் காலண்டரில் ஞாயிறுதோறும் வட்டம் போட்டிருக்கிறேன். போலிக் ஆசிட் மாத்திரைக்கு டாக்டர் வேறு நாள் சொல்லியிருக்கிறார். பலன் தெரிய 6 முதல் 12 வாரம்கூட ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது. ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் பல மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷம் கையை வைத்து, விரல்களை மெள்ள மடக்கி நீட்டுவேன். வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் துணியில் சுற்றிய ஐஸ்தான் சுகம். கரண்டிக் காம்பில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றியிருக்கிறேன் (பார்க்க அசிங்கம்தான்!). பாத்திரத்தை விரலால் பிடித்துத் தூக்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொள்கிறேன்.

கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது மட்டும் இப்போது என் வீட்டுக்காரர் வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்கிறார், ஆனால் செய்துவிடுகிறார்.