மூத்தவர் இருந்தால் போதுமா?

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை இறக்கும் நம்மவர்களுக்கும் கால்பந்துப் பேச்சுதான். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர்களுக்கு அனுபவம் போதாதாம்! 2024-ல் வந்த மிக்கேல் ஸ்டாரே அனுபவமற்றவரா? 2009-ல் ஸ்வீடனில் ஏ.ஐ.கே. அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தவர். இங்கே 12 ஆட்டங்களில் 7 தோல்வி, டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

உதவியாளர் புருஷோத்தமனும், ரிசர்வ் அணியைக் கவனித்த தோமாஷ் சோர்ஸும் பொறுப்பேற்றனர். முதல் ஆட்டத்திலேயே கலூர் மைதானத்தில் முகமதன் அணியை 3-0 என வென்றனர். (ஆபீசில் 'இன்சார்ஜ்' பார்த்த குமாஸ்தாக்களுக்கு இந்த ருசி தெரியும்.) ஆனால் சீசன் முடிவில் எட்டாம் இடமே கிடைத்தது. அதற்குள், 2025 மார்ச்சில், ஸ்பெயினின் டேவிட் கட்டாலாவை நியமித்துவிட்டார்கள். கேரளத்துக்காரர் புருஷோத்தமனுக்கு ஒரு முழு சீசன் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பஜாரில் பாதிப்பேர் ஒப்பமாட்டார்கள்.