இருவர் போதும், ஓர் அறை வேண்டும்

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கும் திருமுக்கூடல் கோயிலில் சோழ மன்னர் வீரராசேந்திரர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகளுடன் அங்கு இயங்கிய ஆதுலர் சாலையையும், அதன் மருத்துவரையும், பணிப்பெண்களையும், இருப்பில் வைத்திருந்த மருந்துகளையும் அது வரிசைப்படுத்துகிறது. 11-ஆம் நூற்றாண்டிலேயே நோயாளிக்கென்று ஓர் இடம் ஒதுக்கிய வட்டாரம் இது. இன்று இங்கே இடம் ஒதுக்கப்பட வேண்டிய நோய் இன்னொன்று உண்டு. அது குடிநோய்.

குடிப்பழக்கம் முற்றிய நிலை ஒரு நோய் என்பதை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இல் ஏற்றுக்கொண்டது. நம் ஊர்களிலோ அது இன்றும் ஒழுக்கக்கேடாகவே பார்க்கப்படுகிறது. அதனால்தான் சத்தியம் வாங்குவது, கயிறு கட்டுவது, மாலை போடச் சொல்வது ஆகியவற்றோடு குடும்பத்தின் முயற்சிகள் நின்றுவிடுகின்றன. மாலை கழற்றிய மறுநாளே பழைய நிலை திரும்பும்போது, நோய் திரும்பியதாக எவரும் கருதுவதில்லை. வாக்குத் தவறியதாகவே கருதுகிறார்கள்.

பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம்; அதையடுத்துக் கடும் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் ஏற்பட்டு உயிருக்கே கேடாகலாம். எனவே, முதல் படி மருத்துவமனைதான். ஆனால், மருத்துவமனை உடலிலிருந்து மதுவை வெளியேற்றித் தருவது சில நாள்களில் முடிந்துவிடும். அதன்பின் வரும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் அவருக்குத் துணை யார் என்பதே என் கேள்வி.

அதற்கு விடையாக உருவானதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனும் ஏ.ஏ. அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரான் நகரில் பங்குச்சந்தைத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் அது பிறந்தது. இருவருமே குடிநோயாளிகள். தன்னைப் போன்ற இன்னொருவரிடம் மனம் திறந்து பேசும்போது குடிக்கும் வேட்கை தணிகிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். 1957-இல் மும்பையில் தொடங்கி இந்தியாவுக்கும் அது வந்தது.

கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடக்கும். கட்டணம் கிடையாது. கையெழுத்தோ முகவரியோ கேட்பதில்லை. பெயரை மட்டும் சொன்னால் போதும். பேச விருப்பமில்லை எனில் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமே உறுப்பினராவதற்கான ஒரே தகுதி. ஆயுள் முழுவதற்கும் சபதம் கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அங்குள்ள அணுகுமுறை. மறுபடி குடித்துவிட்டவரும் திரும்பி வரலாம். குடும்பத்தினருக்கு 1951-இல் உருவான 'அல்-அனான்' குழுக்கள் தனியே உள்ளன. கணவரின் குடிக்குத் தானே காரணமோ எனக் குமையும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும் ஆறுதல்.

இது வெறும் நம்பிக்கை சார்ந்தது அன்று. 10,000-க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமலிருக்க உதவுவதில் இம்முறை பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருவதாகக் கண்டது.

கூட்டம் நடக்கும் இடத்தை அறிய, 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணிலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கேட்கலாம். பழையசீவரத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பேருந்தும் ரயிலும் உண்டு. சொந்த ஊரில் முகம் காட்டத் தயங்குபவருக்கு இந்தத் தொலைவே ஒரு வசதி. ஆனால், அன்றாடக் கூலிக்கு உழைப்பவரால் வாரந்தோறும் மாலை வேளையில் நகரத்துக்குச் சென்று வர இயலுமா? இங்குதான் ஊருக்குப் பொறுப்பு வருகிறது.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊர் மக்களின் ஒத்துழைப்போடு முகாம் நடத்திச் சிகிச்சை அளித்துக் காட்டியது. மதுக்கடையை மூடக் கோரிக் கிராம சபைகளில் தீர்மானம் நிறைவேற்றுகிறோம், அது வேண்டியதே. அதோடு, வாரத்தில் ஒரு மாலை பள்ளி வகுப்பறையையோ நூலகத்தையோ இத்தகைய கூட்டத்துக்குத் தருவோம் என்றும் ஒரு தீர்மானம் வேண்டும். வெளியார் நிதியை ஏ.ஏ. ஏற்பதில்லை என்பதால், சிறு வாடகையைப் பெற்றுக்கொள்ளலாம். யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் இருப்பதே ஊரார் செய்யக்கூடிய பேருதவி. அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள் சேர்ந்து ஓரிடத்தைத் தேர்ந்தால் அந்தக் கூச்சமும் குறையும்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் எழுந்தருளும்போது ஊரே விழாக்கோலம் பூணும். உறவும் நட்பும் கூடும் இத்தகைய நாள்கள்தாம் குடியை விட்டவருக்குக் கடுஞ்சோதனை. 'இன்று ஒருநாள் மட்டும்' என்று கூப்பிடுபவர்கள் பலர் இருப்பார்கள். 'இன்று ஒருநாள் மட்டும் வேண்டாம்' என்று சொல்ல ஒருவராவது அருகில் இருக்க வேண்டும். அந்த ஒருவரைத் தருவதுதான் குழு. அதைத் தொடங்க இருவர் போதும். ஓர் அறையை ஊர் தர வேண்டும்.