காத்திருக்கும் இரண்டாவது ஆள்



காற்பந்து என்றதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் கண்முன் உருண்டைப் பந்தும் இரண்டு கோல் கம்பங்களும் வந்து நிற்கும். கனடா நாட்டில் அப்பெயரால் வழங்கும் ஆட்டமோ வேறு. ரக்பி பார்த்தவர்களுக்கு அது ஓரளவு விளங்கும். பந்து நீள்வட்டமானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் நிற்கும் தம் ஆளுக்கு எறியலாம். பந்தை வைத்திருப்பவரை எதிரணியார் பாய்ந்து கீழே தள்ளலாம். அதனால்தான் தலைக்கும் தோளுக்கும் கவசம் அணிந்து ஆடுகிறார்கள்.

ஓர் அணிக்கு 12 பேர். பந்தைப் பெற்ற அணி, மூன்று முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி மூன்று முயற்சி. தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அண்டை நாடான அமெரிக்காவில் 11 பேர், நான்கு முயற்சி. ஒரு முயற்சி குறைவென்றால் அதிகம் எறிந்தாக வேண்டும். களத்தின் அகலமும் கனடாவில் 65 கஜம். அமெரிக்காவைவிடப் பதினொரு கஜத்துக்கு மேல் கூடுதல். ஆகவே எறிகிறவருக்கு வேலையும் கூடுதல்.

அந்த எறிகிற ஆளைத்தான் குவார்ட்டர்பேக் என்பார்கள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுப்பதா, தாமே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரணியின் பெருத்த ஆட்கள் அவரை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். அவருக்கு அடிபடுவது வாடிக்கை. ஒன்பது குழுக்கள் ஆடும் கனடியக் காற்பந்து லீக்கில் ஒவ்வொரு குழுவுக்கும் ஆண்டுக்கு 18 ஆட்டங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் தாங்குவது அரிது. எனவே ஒவ்வொரு குழுவும் இரண்டாவது ஆள் ஒருவரை ஆயத்தமாக வைத்திருக்கிறது.

இந்த இரண்டாவது ஆளின் பிழைப்பு விசித்திரமானது. பயிற்சியில் பெரும்பகுதி முதலாமவருக்கே போய்விடும். இவர் பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டும். ஆட்ட நாளில் ஓரத்தில் நின்று, எதிரணி எப்படி நிற்கிறது என்று குறித்து, இடைவேளையில் முதலாமவருக்கு எடுத்துச் சொல்வார். களத்தில் இறங்க இவருக்குக் கிடைக்கும் சின்ன வாய்ப்பு ஒன்று உண்டு. இன்னும் ஒரு கஜம்தான் வேண்டும் என்னும்போது, பந்தைப் பிடித்தவுடன் குனிந்து முட்டித்தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. கனடிய விதிப்படி எதிரணி பந்திலிருந்து ஒரு கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டுமாதலால் இது பெரும்பாலும் பலிக்கும். முதலாமவருக்கு அடிபடக் கூடாதே என்று பல குழுக்கள் இதற்கு இரண்டாவது ஆளை அனுப்புகின்றன.

இவரை அற்பமாக எண்ணிவிடக் கூடாது. 1909-ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் கிரே கிண்ணமே அந்நாட்டின் உயர்ந்த பரிசு. 2022-இல் அதன் இறுதி ஆட்டத்தில் டொராண்டோ குழுவின் முதலாமவர் காயப்பட்டு வெளியேற, இரண்டாவது ஆளான சாட் கெல்லி இறங்கினார். குழு 24-23 என்று வென்றது. 2024-இல் அதே கெல்லி முதலாமவராகி, இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் கால் முறிந்து விழுந்தார். அப்போது இரண்டாவது ஆளான நிக் ஆர்பக்கில் கிண்ணத்துக்கான ஆட்டத்தை ஆடி 41-24 என்று வென்று, அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரையும் பெற்றார்.

ஆனால், நேயர்களே, கெல்லியும் ஆர்பக்கிலும் அமெரிக்கர்கள். கனடிய நாட்டின் ஆட்டத்தில், கனடியக் குழுவில், காத்திருக்கும் அந்த நாற்காலிகூட நெடுங்காலம் கனடியப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இது ஏன் என்பதுதான் இன்று நாம் பேச வந்தது.

திறமை இல்லை என்று சொல்ல முடியாது. ஹாமில்டன் நகரத்துப் பிள்ளையான ரஸ் ஜாக்சன் அவ்வூர் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்து, 1958-இல் ஒட்டாவா குழுவில் சேர்ந்தார். அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராகவே எடுத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக்குகள் காயப்பட்டதால்தான் பந்து இவர் கைக்கு வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. 1960, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளில் குழு கிரே கிண்ணத்தை வென்றது. லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை 1963, 1966, 1969 ஆகிய ஆண்டுகளில் இவர் பெற்றார். ஆடிய காலத்திலேயே கணித ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் தலைமையாசிரியரும் ஆனார். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு சிறு பெருமை!

1969-ஆம் ஆண்டு கிண்ணத்தை வென்ற கையோடு ஜாக்சன் ஓய்வு பெற்றார். அதன்பின் கதவு மூடிக்கொண்டது. அதுவரை ஒரு குழுவில் இத்தனை அயல்நாட்டார்தான் ஆடலாம் என்ற வரம்பினால், உட்கார்ந்திருக்கப்போகும் இரண்டாவது ஆளுக்காக ஓர் அயல்நாட்டு இடத்தைச் செலவிடக் குழுக்கள் தயங்கின. 1970-களில் விதி மாறி, இரண்டு அமெரிக்கக் குவார்ட்டர்பேக்குகள் ஒருவர் மாற்றி ஒருவர் தடையின்றி ஆட வழி பிறந்தது. கனடியர்களுக்கென மற்ற நிலைகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், குவார்ட்டர்பேக் அந்தக் கணக்கில் சேரவில்லை. கனடியப் பிள்ளை ஒருவரைப் பழக்கினால் குழுவுக்கு ஒரு காசு இலாபமில்லை.

பயிற்சியாளர்கள் சொன்ன காரணம், 'அனுபவம் போதாது' என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கனடியப் பல்கலைக்கழகத்தில் பருவத்துக்கு எட்டு ஆட்டங்கள்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் 11 அல்லது 12. என்றாலும் அனுபவம் எங்கிருந்து வரும்? பால்மரம் வெட்டப் பழகுகிறவரிடம் முதல் நாளே நல்ல நிரையை யாரும் ஒப்படைப்பதில்லை. சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தில் கத்தி பிடித்துப் பழகச் சொல்வார்கள். எந்த மரத்தையும் தொடவிடாமல், உனக்குப் பழக்கமில்லை என்று திருப்பி அனுப்புவதை எப்படி நியாயம் என்பது?

ஜேமி போன் என்ற இளைஞர் இதைத்தான் கேட்டார். வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகக் குழுவுக்கு 1976-லும் 1977-லும் நாட்டின் பல்கலைக்கழகக் கிண்ணத்தை வாங்கித் தந்தவர். 1978-இல் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர் என விருது பெற்றவர். ஹாமில்டன் குழு தம்மைச் சரியாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை, கனடியன் என்பதுதான் காரணம் என்று ஒண்டாரியோ மாநில மனித உரிமைச் சட்டத்தின்கீழ் முறையிட்டார். 1979-இல் விசாரணைக் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்தும், லீக்கின் எந்தக் குழுவிலும் அவர் நிலைத்து ஆடவில்லை. கதவைத் திறக்கச் சொல்லச் சட்டத்தால் முடியும். உள்ளே உட்காரவைத்துப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கச் சட்டத்தால் முடியாது போலும்.

இடையில் மொன்றியால் குழுவின் ஜெரி டட்டிலியோ போன்ற ஓரிருவர் தலைகாட்டினர். பிறகு நீண்ட வறட்சி. 1996-இல் ஜூலியோ காரவாட்டா ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த கனடியராக பிராண்டன் பிரிட்ஜ் தொடங்கியது 2015-இல். நடுவில் 19 ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, வேலைக்குப் போகும் காலம் அது.

2019-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் சங்கத்துடன் லீக் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு சிறு திருத்தம் வந்தது. கனடியக் குவார்ட்டர்பேக்கும் இனிக் கனடியர் கணக்கில் சேருவார். அவரை ஆடவைத்தால் வேறு நிலையில் ஓர் அமெரிக்கரை வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மாணவர்களைக் குழுக்களின் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பழக்கும் திட்டமும் நடந்து வருகிறது.

அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் கொலம்பியா குழு நேதன் ரூர்க்கைத் தெரிந்தெடுத்தது. பெருந்தொற்றால் 2020-இல் ஆட்டமே நடக்கவில்லை. 2021-இல் மைக்கேல் ரைலி என்ற அனுபவசாலிக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக இருந்தார். ஒரு கஜ ஆட்டங்களுக்கு இறங்கினார். ரைலியின் அருகிலேயே இருந்து வேலை கற்றார். 2022 தொடக்கத்தில் ரைலி ஓய்வு பெற, இவர் முதலாமவரானார். அந்த ஆண்டு கால் காயப்படும்வரை, எறிந்ததில் நூற்றுக்கு 78-க்கு மேல் தம் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கா போய்த் திரும்பிவந்து, 2025-இல் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். ஜாக்சனுக்குப் பிறகு கனடியக் குவார்ட்டர்பேக் ஒருவர் அதைப் பெற 56 ஆண்டுகள் ஆயின.

ஆனால் ரூர்க் ஆட்டம் பயின்ற இடம் எது? கடைசிப் பள்ளிப் படிப்பு அலபாமாவில். பிறகு கான்சாசில் ஒரு கல்லூரி. அதன்பின் ஒகையோ பல்கலைக்கழகம். எல்லாம் அமெரிக்கா. எல்லை தாண்டிப் பிள்ளையை அனுப்பிவைக்க எல்லாக் குடும்பங்களாலும் முடிவதில்லை.

கனடாவிலேயே பயின்றவர் டிரே ஃபோர்டு. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆடி 2021-இல் பல்கலைக்கழகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். எட்மன்டன் குழு 2022-இல் அவரை எடுத்தது. அந்த ஆண்டு ஜூலையில் முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டத்திலேயே வென்றார். அக்குழு சொந்தத் திடலில் தொடர்ந்து 22 ஆட்டங்கள் தோற்று நாடெங்கும் கேலிக்கு ஆளாகியிருந்தது. 2023 ஆகஸ்டில் ஒட்டாவாவை வென்று அதற்கு முடிவு கட்டியபோது பந்து ஃபோர்டு கையில்தான் இருந்தது. 2025 பருவத்தை அவர் முதலாமவராகவே தொடங்கினார். குழு தோற்கத் தொடங்கியதும், பருவத்தின் நடுவிலேயே அமெரிக்கரான கோடி ஃபஹார்டோவை முன்னே விட்டு, ஃபோர்டை மறுபடியும் ஓரத்தில் நிற்கவைத்தார்கள்.