நாடே பார்க்க வளர்ந்த பிள்ளை!

டெலிவிஷன் நடிகர் - பாடகர் ரிக்கி நெல்சன் கதை

ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அமெரிக்காவில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டில் அப்பா பேசுவதையும், அம்மா சிரிப்பதையும், பிள்ளைகள் சண்டை போடுவதையும் நாடே பார்த்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. 14 ஆண்டுகள் பார்த்தது!

அந்த வீட்டின் இளைய பிள்ளைதான் ரிக்கி நெல்சன்.

டெலிவிஷனில் நடித்தான். பிறகு பாடினான். 18 வயதில் அவன் பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. ஆனால், 31 வயதில் அவர் மேடையில் பாடும்போது ஜனங்கள் கூச்சல் போட்டார்கள்.

ஏன்?

பாட்டுக்காரக் குடும்பம்

ரிக்கி 1940 மே 8-ந் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் டீனெக் என்ற ஊரில் பிறந்தான். அப்பா ஆஸி நெல்சன் வாத்தியக் குழு நடத்தியவர். அம்மா ஹாரியட் அந்தக் குழுவில் பாடியவர். அண்ணன் டேவிட் 3 வயது மூத்தவன்.

1944-ல் ஆஸி, ரேடியோவில் ஒரு நாடகத் தொடரை ஆரம்பித்தார். கதைக்கு அவர் எங்கும் போகவில்லை. தன் குடும்பக் கதையையே நாடகம் ஆக்கினார். ஆஸியாக ஆஸியே நடித்தார். ஹாரியட்டாக ஹாரியட்டே நடித்தார். பிள்ளைகள் மிகவும் சின்னவர்கள். ஆகவே, அவர்களுக்குப் பதிலாக வேறு சிறுவர்கள் நடித்தார்கள்.

தங்கள் பெயரில் யாரோ பேசுவதை எத்தனை நாள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்? தாங்களே நடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் ஆசைப்பட்டார்கள். 1949-ல் அப்பா சம்மதித்தார்.

அப்போது ரிக்கிக்கு வயது 8. கூச்சம் உள்ள பிள்ளை. ஆஸ்துமாத் தொல்லை வேறு. ஆனால், மைக் முன்னால் நின்றுவிட்டால் துடுக்காகப் பேசுவான். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீடா? நாடகமா?

1952 அக்டோபர் 3-ந் தேதி அந்தத் தொடர் டெலிவிஷனுக்கு வந்தது. ஆஸி - ஹாரியட் குடும்பத்தை இப்போது ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

படத்தில் தெரிந்த வீட்டு முகப்பு, ஹாலிவுட்டில் அவர்கள் குடியிருந்த சொந்த வீட்டின் முகப்புதான். உள்புறம் மட்டும் ஸ்டூடியோவில் போட்ட செட்.

நாடகத்தில் வரும் அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. எப்போதும் வீட்டிலேயே இருப்பார். பிள்ளைகளோடு பேசிப் பொழுது போக்குவார்.

நிஜ ஆஸி அப்படி அல்ல. ஓயாத உழைப்பாளி. கதை, வசனம், டைரக்‌ஷன், தயாரிப்பு எல்லாவற்றிலும் அவர் கைதான். ஆகவே, ரிக்கிக்கு வீட்டிலும் அப்பா. வேலை செய்யும் இடத்திலும் அப்பாவே முதலாளி. என்ன பேசுவது, எங்கே நிற்பது என்று அப்பாதான் சொல்ல வேண்டும்.

பையன் வளர்ந்தான். அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டை வந்தது. குரல் உடைந்தது. எல்லாவற்றையும் நாடு பார்த்துக்கொண்டே இருந்தது.

சவால்!

ரிக்கிக்கு 16 வயது. ஒரு நாள் தோழியைக் காரில் அழைத்துக்கொண்டு போனான். ரேடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு வந்தது. அந்தப் பெண் அப்படியே சொக்கிப் போனாள்.

ரிக்கிக்குப் பொறுக்கவில்லை. தானும் இசைத்தட்டு வெளியிடப் போவதாகச் சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள்.

வாயை விட்டாயிற்று. செய்து காட்ட வேண்டுமே! அப்பாவிடம் போய் நின்றான். தான் பாடகன் ஆன கதையை ரிக்கி பின்னாளில் இப்படித்தான் சொல்வது வழக்கம்.

1957 ஏப்ரல் 10-ந் தேதி வந்த நாடகத்தில் ரிக்கி ஒரு பாட்டுப் பாடினான். பேட்ஸ் டாமினோ பாடிப் புகழ் பெற்ற "ஐம் வாக்கின்" என்ற பாட்டு அது. இசைத்தட்டுக் கடைகளில் கூட்டம் மொய்த்தது.

அப்பா கெட்டிக்காரர். அதற்குப் பிறகு, பல நாடகங்களின் முடிவில் ரிக்கி பாடும் காட்சியைச் சேர்த்தார். மற்ற பாடகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ரிக்கியின் பாட்டோ ஒரே இரவில் வீடு தேடிப் போயிற்று!

அமெரிக்காவில் "பில்போர்டு" என்று ஓர் இசைப் பத்திரிகை உண்டு. எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்று வாரா வாரம் அது வரிசைப்படுத்தும். 1958 ஆகஸ்டு 4-ந் தேதி முதல், 100 பாட்டுகள் கொண்ட பெரிய பட்டியலை அது வெளியிடத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் முதன்முதலாக முதல் இடம் பெற்றது, ரிக்கி பாடிய "புவர் லிட்டில் பூல்".

1959-ல் "ரியோ பிராவோ" என்ற சினிமா வந்தது. பெரிய நட்சத்திரங்களான ஜான் வெயின், டீன் மார்ட்டின் ஆகியோருடன் ரிக்கியும் நடித்தான். துப்பாக்கி சுடுவதில் வல்ல இளைஞன் வேடம்.

"ரிக்கி அல்ல, ரிக்!"

1961 மே 8. அன்று அவருக்கு 21 வயது நிறைந்தது. ரிக்கி என்பது சின்னப் பிள்ளைப் பெயர். இனித் தன் பெயர் ரிக் என்று மாற்றிக்கொண்டார்.

அதே மே மாதம் "டிராவலின் மேன்" என்ற பாட்டு முதல் இடத்துக்கு வந்தது. ஆனால், ஜனங்களுக்கு அவர் ரிக்கிதான்.

1963-ல் ரிக், கிறிஸ்டின் ஹார்மன் என்ற பெண்ணை மணந்தார். அப்போதும் நாடகம் விடவில்லை. புது மனைவியும் அதே தொடரில், அதே பெயரில், அவருக்கு மனைவியாக நடிக்க வந்துவிட்டார்!

1964-ல் இங்கிலாந்திலிருந்து பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா வந்தார்கள். இளைஞர்களின் மனம் அவர்கள் பக்கம் திரும்பியது. 1966-ல் டெலிவிஷன் தொடரும் நின்றது. மொத்தம் 435 நாடகங்கள்!

8 வயதில் போட்ட வேஷம் கலைந்தது. ஜனங்களின் மனத்தில் மட்டும் அது கலையவில்லை.

ரிக் சோர்ந்துவிடவில்லை. 1969-ல் "ஸ்டோன் கேன்யன் பேண்ட்" என்ற புதிய குழுவை அமைத்தார். நாட்டுப்புற மெட்டும் புது இசையும் கலந்து பாடினார்.

கூச்சல் எழுந்த இரவு

1971 அக்டோபர் 15. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். பழைய பாடகர்களை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய கச்சேரி.

ரிக் மேடை ஏறினார். தலைமுடி நீளமாக வளர்ந்திருந்தது. உடையும் புதுப் பாணி. ஜனங்கள் எதிர்பார்த்து வந்த பழைய ரிக்கி அங்கே இல்லை.

பழைய பாட்டுகளைப் பாடினார். கைதட்டினார்கள். பிறகு ஒரு புதிய பாட்டை எடுத்தார். கூச்சல் எழுந்தது!

அரங்கத்தின் பின்புறம் கலாட்டா செய்தவர்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். அதனால்தான் கூச்சல் என்று சொல்பவர்களும் உண்டு. ரிக் அப்படி நினைக்கவில்லை. தன்னைப் பார்த்துத்தான் கத்துகிறார்கள் என்று எண்ணினார். மனம் நொந்து மேடையை விட்டு இறங்கினார்.

அப்பனும் மகனும் கழுதையை ஓட்டிப் போன கதை எல்லோருக்கும் தெரியும். மகன் ஏறினாலும் குற்றம். அப்பன் ஏறினாலும் குற்றம். இருவரும் நடந்தாலும் குற்றம். அந்தக் கதையின் நீதி ரிக்குக்கு அன்று இரவு புரிந்தது.

அந்த அனுபவத்தையே பாட்டாக எழுதினார். அதன் பெயர் "கார்டன் பார்ட்டி". 1972-ல் வெளிவந்தது. பில்போர்டு பட்டியலில் 6-வது இடம். இசைத்தட்டு 10 லட்சத்துக்கு மேல் விற்றது!

முன்பு அவருக்குப் புகழ் தந்த பாட்டுகளை மற்றவர்கள் எழுதினார்கள். இது அவரே எழுதியது. எந்த ஜனங்கள் கூச்சல் போட்டதாக நினைத்து வருந்தினாரோ, அந்த ஜனங்களே இதை விரும்பிக் கேட்டார்கள்.

கடைசிப் பயணம்

அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய வெற்றி அவருக்குக் கிடைக்கவில்லை. 1975-ல் அப்பா காலமானார். 1982-ல் மனைவியுடன் விவாகரத்து ஆயிற்று. ரிக் ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார். சின்ன ஊர், பெரிய ஊர் என்று பார்க்கவில்லை.

1985 டிசம்பர் 30-ந் தேதி அலபாமா மாநிலத்தில் கச்சேரி செய்தார். மறுநாள் இரவு டல்லஸ் நகரில் புத்தாண்டுக் கச்சேரி. குழுவினருடன் ஒரு பழைய டி.சி.-3 விமானத்தில் புறப்பட்டார்.

நடுவானில் விமானத்தில் தீப்பிடித்தது. டெக்சாஸ் மாநிலம் டி கால்ப் என்ற ஊர் அருகே விமானம் தரையில் விழுந்து எரிந்தது. விமானிகள் இருவர் மட்டும் காயங்களுடன் தப்பினார்கள். பயணிகள் 7 பேரும் இறந்தார்கள். ரிக்குக்கு அப்போது வயது 45.

அப்பா ஆஸியின் வாத்தியக் குழு 1935-லேயே பாட்டு வரிசையில் முதல் இடம் பெற்றது. ரிக்கின் இரட்டைப் பிள்ளைகள் மாத்யூவும் கன்னரும் 1990-ல் முதல் இடம் பெற்றார்கள். தாத்தா, மகன், பேரன்கள் என்று மூன்று தலைமுறைக்கும் அந்தப் பெருமை கிடைத்தது.

ஆனால், ரிக்கின் பெயரைச் சொன்னதும் இன்றும் பலருக்கு நினைவு வருவது, முதல் இடம் பெறாத அந்த "கார்டன் பார்ட்டி"தான்.

அப்பா எழுதிய வசனத்தை 8 வயதில் பேச ஆரம்பித்த பிள்ளை அவர். தன் மனத்தில் உள்ளதைத் தானே எழுதிப் பாடி, நாடு முழுவதும் கேட்கச் செய்தபோது அவருக்கு வயது 32!